தங்கை மதிப்பெண் போட்ட வரைபடம்

கத்திரி வெயிலில் கோட்டை ஏறக்கூடாது என்பது படையெடுத்து வந்த ராஜாக்களுக்கே தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம், மே மாதம் பிறந்தால், ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஏழு பேர் உட்காரும் என் வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய் ஏதாவது ஒரு கோட்டையின் அடிவாரத்தில் இறக்கிவிட்டு, மேலே போனால் நல்ல காற்று வரும் என்று சொல்லியிருக்கிறேன். மேலே வரலாறு மட்டுமே இருந்தது.

குடும்பம் என்றால் என் தங்கையின் குடும்பம். அவள், அவள் கணவர், இரண்டு பெண் குழந்தைகள். என் மனைவி முதல் வருடம் மட்டும் வந்தாள். இரண்டாம் வருடம், "நீங்க போய்ட்டு வாங்க, எனக்குக் கல்லு மண்ணெல்லாம் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டாள். என் மகன் பன்னிரண்டு வயதுவரை வந்தான். பிறகு படிப்பைக் காரணம் காட்டித் தப்பித்தான். இப்போது வெளிமாநிலத்தில் ஒரு கல்லூரியில் முழுமையாகத் தப்பித்திருக்கிறான். தங்கை மட்டும் ஒரு வருடமும் தவறியதில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லீவு விட்ட மறுநாளே, "எப்பண்ணா கிளம்புறோம்?" என்று போன் செய்வாள். வரலாற்றின் மேல் அவளுக்கு என்னைப்போலவே பித்து என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டர் முடிந்ததும் திட்டம் போட உட்கார்ந்துவிடுவேன். பார்க்க வேண்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் குறிப்பு. யார் கட்டியது, யார் இடித்தது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வெயில் கண்ணில் படாது என்பது வரை. எங்கே எத்தனை மணிக்குச் சேர வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று ஓர் அட்டவணை. குழந்தைகள் இதற்கு 'மாமாவோட போர்ஷன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிளம்புகிற அன்று விடியற்காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் தங்கை பிரயாண ஜெபம் பண்ணுவாள். டயர், பிரேக், எதிரே வரும் லாரிகள், லாரி டிரைவர்களின் தூக்கம் என்று ஒன்று விடாமல் கர்த்தரிடம் ஒப்படைப்பாள். நான் என்ஜினை அணைக்காமல் கண்ணை மட்டும் மூடிக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தாள். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

பங்குனி மாதம் அவள் கணவர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். கம்பெனியில் நாக்பூருக்கு மாற்றிவிட்டார்கள், ஜூன் முதல் வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷமும் போலாம் மச்சான். போறதுக்கு முன்னாடி பசங்க உங்களோட ஒருவாட்டி வந்த மாதிரி இருக்கட்டும்."

அவர் சொன்னதன் கனம் எனக்குத் தெரிந்தது. தாய்மாமன் என்பது தாய் இருக்கும்வரை உறவு. அதற்குப் பிறகு பதவி. நாக்பூருக்குப் போன பிறகு என்ன மிஞ்சும்? பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, கிறிஸ்மஸுக்கு ஒரு வீடியோ கால், பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணப் பத்திரிகை. பிள்ளைகளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தவள் போய்விட்டாள். இந்த ஐந்து நாள் பயணத்தில் எதையாவது கட்டிக்கொண்டால்தான் உண்டு.

அன்று சாயங்காலமே பெரியவளிடமிருந்து செய்தி வந்தது. பதிமூன்று வயது. 'நான் வரல மாமா. நீங்க எல்லாம் போய்ட்டு வாங்க. சாரி.' எட்டு வயதுச் சின்னவள் அதற்குக் கீழேயே குரல்பதிவு அனுப்பியிருந்தாள், அக்கா வரவில்லையென்றால் தானும் வரப்போவதில்லை என்று. அப்பா கேட்டதற்குப் பெரியவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாளாம். நான் போன் செய்தேன். படிக்கணும் மாமா என்றாள். புது ஸ்கூல், புது சிலபஸ் என்றாள். எல்லாம் நியாயமான காரணங்கள். நியாயமான காரணங்களை அவ்வளவு வேகமாக அடுக்குகிறவர்கள் வேறு எதையோ மறைக்கிறார்கள் என்பது, பொய் சொல்லியே வளர்ந்த எனக்குத் தெரியும்.

துக்கம் என்று முடிவு செய்துகொண்டேன். அம்மா இல்லாத வண்டியில் ஏற மனம் வரவில்லை. துக்கத்துக்கு என்னிடம் இருந்தது ஒரே மருந்துதான். இன்னும் நல்ல திட்டம்.

முதல் வேலையாக வண்டியைச் சர்வீசுக்கு விட்டேன். வேளச்சேரி ரோட்டில், ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் மெக்கானிக். வருடா வருடம் மே மாதத்துக்கு முன்னால் அவர்தான் பார்ப்பார். ஏசிக்கு கேஸ் அடித்து, பிரேக் பார்த்து, வண்டிக்குள்ளே சுத்தம் செய்தபோது, முன் சீட்டின் பின்பக்கப் பையிலிருந்து வந்ததையெல்லாம் ஒரு பழைய செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்தார். தங்கை உட்காரும் இடத்துக்கு எதிரே இருந்த பை அது.

"இன்னா சார், ஒரு குடித்தனமே கீது உள்ள" என்றார்.

ஒரு சின்னத் துண்டு. காய்ந்துபோன பேப்பர் சோப்பு இரண்டு பாக்கெட். பாதி தீர்ந்த கைகழுவும் திரவம். மடித்த செய்தித்தாள்கள். பிடி லேசாக விரிந்த நீல நிறப் பிளாஸ்டிக் மக் ஒன்று. இவற்றுக்கு அடியில், மடிப்புகள் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய தமிழ்நாடு ரோடு மேப்.

மேப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். மக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது வாணாமா சார்?" என்றார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிற்பாடு இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வீட்டுக்கு வந்து மேப்பை விரித்தேன். தங்கையின் சிவப்புப் பேனா. விடைத்தாள் திருத்துகிற அதே பேனா. தாம்பரத்திலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டிலும், அதிலிருந்து பிரிகிற சாலைகளிலும், கடற்கரைச் சாலையிலும் முப்பது நாற்பது சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். சில வட்டங்களின்மேல் பெருக்கல் குறி. சிலவற்றுக்கு அடியில் இரண்டு கோடு.

பதினோரு வருடம் நான் காட்டிய இடங்களையெல்லாம் எனக்குத் தெரியாமல் அவள் மதிப்பிட்டு வைத்திருக்கிறாள். பிடித்த இடம், பிடிக்காத இடம், மறுபடி போக வேண்டிய இடம். இதைவிட நல்ல திட்டத்தை யார் போட்டுவிட முடியும்? அவள் அதிக மதிப்பெண் கொடுத்த இடங்களுக்கு மட்டும் போவது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

மூன்று வாரம் அந்த மேப்போடு குடித்தனம் நடத்தினேன். அவளுடைய ரசனை என்னைத் திகைக்க வைத்தது. நான் மூன்று முறை கூட்டிப்போன ஒரு கோயில் நகரத்துக்கு (பெயர் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்) பத்துக்கு மூன்று. சிற்பங்களைப் பார்த்துவிட்டு யாராவது மூன்று போடுவார்களா? கணக்கு டீச்சர்களே கொஞ்சம் கை இறுக்கம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அச்சிறுபாக்கம் தாண்டி, திண்டிவனத்துக்கு முன்னால், ஊர் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் ஒரு வட்டம். பத்துக்கு ஒன்பது. அடியில் இரண்டு கோடு. மேப் முழுவதிலும் அதுதான் அதிகம்.

அங்கே என்ன இருக்கிறது? என்னிடம் உள்ள புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். கல்வெட்டுத் தொகுதிகளில் தேடினேன். கடைசியில், அந்த இடத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு ஏரியும், அதன் மதகில் தேய்ந்துபோன ஒரு கல்வெட்டும் இருப்பதாக ஒரு குறிப்பைப் பிடித்தேன். எனக்குப் புல்லரித்தது. நான் பெரிய கோபுரங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, என் தங்கை போகிற போக்கில் யாரும் கவனிக்காத ஓர் ஏரி மதகைக் கவனித்திருக்கிறாள். நீர்ப்பாசன வரலாற்றின்மேல் அவளுக்கு இருந்த ஆர்வத்தைப் பற்றி அன்று இரண்டு பக்கம் எழுதினேன். திட்டத்தின் முதல் இடமே அந்த மதகு. 'அம்மா விரும்பிய இடங்கள்' என்று தலைப்புப் போட்டு, நான்கு பிரதி எடுத்து, ஸ்பைரல் பைண்டிங்கும் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, அனகாபுத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடி வீடு. ஆற்றில் வெள்ளம் வந்த வருடம் கீழ்வீட்டுச் சாமான்களையும் சேர்த்து வைத்துக் காப்பாற்றிய கூடம். இப்போது நாக்பூருக்குப் போகிற அட்டைப்பெட்டிகள் அதே கூடத்தில் அடுக்கியிருந்தன. பெட்டிகளை நகர்த்தி, தரையில் மேப்பை விரித்து, மூவருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். பெரியவள் அறையிலிருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். உட்காரவில்லை.

நான் பேசினேன். கொஞ்சம் நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். அம்மா நமக்குச் சொல்லாமல் ஒரு வரைபடம் விட்டுப்போயிருக்கிறாள், அவள் மனசுக்குப் பிடித்த இடங்கள் இவை, இந்த வழியில் போனால் அவளோடு போகிற மாதிரி என்றேன். மச்சினர் தலையைக் குனிந்துகொண்டார். மதகைப் பற்றிச் சொல்லி, ஒன்பது மதிப்பெண்ணைச் சுட்டிக்காட்டி, சோழர் காலத்து நீர் மேலாண்மைக்குள் இறங்கியபோது பெரியவள் வாயைத் திறந்தாள்.

"மாமா, அதெல்லாம் பாத்ரூம்."

எனக்குப் புரியவில்லை. எது பாத்ரூம் என்று கேட்டேன்.

"வட்டம் போட்டது எல்லாமே. அந்த ஒம்பது, பெட்ரோல் பங்க். மதகெல்லாம் அம்மாக்குத் தெரியவே தெரியாது."

சின்னவள் களுக்கென்று சிரித்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மின்விசிறிக் காற்றில் மேப்பின் ஒரு மூலை எழுந்து எழுந்து படுத்தது. என் ஸ்பைரல் பைண்டிங்கை நான் மெதுவாக மூடினேன்.

பெரியவள் வந்து மேப்பின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது கல்யாண மண்டபம், பின்பக்கம் வழி, வாட்ச்மேன் விடுவார். இது ஒரு ஆஸ்பத்திரி, நோயாளியைப் பார்க்க வந்த மாதிரி உள்ளே போய்விட வேண்டும். இது சர்ச், ஞாயிறு தவிர மற்ற நாள் பூட்டியிருக்கும், அதனால் பெருக்கல் குறி. தண்ணீர் இருந்தால் மூன்று மதிப்பெண், தாழ்ப்பாள் இருந்தால் மூன்று, சுத்தத்துக்கு மூன்று. ஒன்பதுதானே வருகிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குள் போனதும், அம்மா முதலில் தனியாகப் போய் இடம் பார்த்துவிட்டு வருவாளாம். அதனால்தான் எப்போதும் கடைசியாக வருவாள். பெரும்பாலும் மேலே ஏறியதே இல்லையாம். "நீங்க பார்த்துட்டு வாங்க, நான் இங்க நிழல்ல இருக்கேன்னு சொல்வாங்க. அம்மாக்குக் கோட்டையெல்லாம் போர் மாமா. உங்களுக்காகத்தான் வருவாங்க. எங்கண்ணன் தனியா போனா வழியில யாருகிட்டயாச்சும் பாடம் எடுத்துகிட்டே நின்னுடும்னு சொல்வாங்க."

எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்று நினைத்து ஆரம்பித்தது வேறாக முடிந்தது. மச்சினர் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார்.

வண்டியில் திரும்பும் வழியெல்லாம் ஒரே சொல் மண்டையில் ஓடியது. டீ. பதினோரு வருடத்தில் என் தங்கை என்னிடம் ஒருமுறைகூடப் பாத்ரூம் போக வேண்டும் என்று சொன்னதில்லை. டீ குடிக்கலாமாண்ணா என்றுதான் கேட்பாள். நாங்கள் அப்படி வளர்ந்த வீடு. கூடப்பிறந்த அண்ணனிடம் ஒரு பெண் சொல்லக்கூடிய உடம்பு சமாச்சாரம் தலைவலியும் காய்ச்சலும் மட்டும்தான். தாம்பரத்தில் வண்டி ஏறினால் செங்கல்பட்டில் டீ, மதுராந்தகத்தில் டீ. இவள் டீப்பைத்தியத்தால் என் அட்டவணை கெடுகிறது என்று நான் அலுத்துக்கொள்வேன். அலுத்துக்கொண்டதோடு விட்டேனா? ஒரு சிறுபத்திரிகையில் அதைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கட்டுரையே எழுதினேன். தமிழ்நாட்டுக் கோட்டைகளை நான் ஆராய்கிறேன், டீக்கடைகளை என் தங்கை ஆராய்கிறாள் என்று. பத்திரிகையைக் கொண்டுபோய் அவளிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லா இருக்குண்ணா" என்றாள். மாணவனின் தப்பான விடைக்குப் பக்கத்தில் கோடு போடாமல் விட்டுவிடுகிற டீச்சர் முகம். அன்று எனக்கு அது பாராட்டாகத் தெரிந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாங்கள் செஞ்சிக்குப் போயிருந்த வருடம். கிளம்பும்போதே தாமதம். மதுராந்தகம் தாண்டியதும் டீ குடிக்கலாமா என்றாள். பத்து மணிக்குமேல் ராஜகிரி படிகளில் கால் வைக்க முடியாது, டீயெல்லாம் செஞ்சியில்தான் என்று சொல்லிவிட்டு வண்டியை விரட்டினேன். சரிண்ணா என்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தேன். கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, முன்சீட்டின் முதுகைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "பாருங்க, உங்கம்மா டீ கேட்டு ஜெபம் பண்றா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே எதைத் தேடிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு இப்போது புரிந்தது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"சரி, பெரியவ ஏன் வரலைன்னு இப்பவாவது புரிஞ்சுதா?" என்றாள்.

துக்கம் என்றேன்.

"துக்கம் இல்லாம இருக்குமா? ஆனா அதுக்காக இல்ல." கீரைத் தண்டை ஒடித்தாள். "ஜனவரில அவ பெரிய மனுஷி ஆனா. நான்தான் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வந்தேன், ஞாபகம் இருக்கா? நீங்க பட்டுப்பாவாடை எடுத்துக் குடுத்து உங்க கடமைய முடிச்சுட்டீங்க. அஞ்சு நாள் ரோட்டுல, ரெண்டு ஆம்பளைங்களோட. யாருகிட்ட போய், மாமா வண்டிய நிறுத்துங்கன்னு கேப்பா? எத்தன டீ குடிப்பா?"

நான் தரையில் கிடந்த கீரைத் தண்டுகளைப் பொறுக்கினேன்.

"நான் ஏன் ரெண்டாவது வருஷத்துலேர்ந்து வரலைன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கல் மண் ஒத்துக்காது என்று நீதானே சொன்னாய் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் சில பார்வைகளுக்கு அகராதி தேவையில்லை. கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் பெரியவளுக்கு ஒரு செய்தி எழுதினேன். எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'திட்டத்தை மாமா கிழிச்சுப் போட்டாச்சு. அம்மாவோட மேப் உன்கிட்டயே இருக்கட்டும். நீ வழி போட்டுக் குடு. வட்டம் இருக்கிற இடத்தில் எல்லாம் வண்டி நிற்கும். யாரும் கேட்க வேண்டாம். அத்தையும் வர்றா.' கடைசி வாக்கியத்தை மனைவியிடம் கேட்காமலே எழுதிவிட்டேன். பிறகு சொன்னபோது, வட்டத்தில் வண்டி நிற்கும் என்றால் வருகிறேன் என்றாள்.

மூன்று நாள் பதில் இல்லை. நீல நிற டிக் மட்டும் விழுந்திருந்தது. நான்காம் நாள் ஒரு போட்டோ வந்தது. நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதிய அட்டவணை. ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் போகாதபடி வழி போட்டிருந்தாள். என் பதினான்கு இடங்களில் நான்குதான் பிழைத்திருந்தன. கங்கைகொண்ட சோழபுரம் பிழைத்தது. போகிற வழியில் ஒரு எட்டு மதிப்பெண் இருந்ததால். தரங்கம்பாடி பிழைத்தது. செஞ்சி இல்லை. மேல்முறையீடு செய்ய எனக்கு உரிமை இல்லை என்பது தெரிந்ததால் வாயைத் திறக்கவில்லை. தாளின் அடியில் ஒரு குறிப்பு: 'பையில் அம்மாவோட துண்டு, சோப்பு, நீல மக் இருக்கும். எடுத்துடாதீங்க.'

மெக்கானிக்கிடம் ஓடினேன். துண்டையும் சோப்பையும் அவர் குப்பையில் போட்டு மூன்று வாரத்துக்குமேல் ஆகியிருந்தது. மக் இருந்தது. ஒரு லோடு வண்டியின் பானெட்டைத் திறந்து, அந்த மக்கால்தான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிடியில் கிரீஸ்.

"வாணாம்னு சொல்லிட்டுப் போய்ட்டியே சார்" என்றார். நல்ல மக், கைக்கு வாட்டமாக இருக்கிறது என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். புதிதாக இரண்டு மக் வாங்கித் தருகிறேன் என்றேன். என்ன ஏது என்று என் முகத்தைப் பார்த்தார். தங்கச்சியோடது என்றேன். அவருக்கு அவளைத் தெரியும். சர்வீஸ் முடிந்து வண்டி எடுக்கப் போகும்போது சில வருடம் கூட வந்திருக்கிறாள். மக்கை மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். காய்ந்த பிறகு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

மே மாதம் இரண்டாவது வாரம் ஒரு விடியற்காலையில் கிளம்பினோம். அனகாபுத்தூர்ச் சந்துக்குள் வண்டி போகாது என்பதால் தெருமுனையில் நின்றேன். பெரியவள் வருகிறாளா என்று அவர்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் சின்னவள் வந்தாள். பிறகு பெட்டியோடு அவள் அப்பா. கடைசியாகப் பெரியவள், மேப்பை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு. நடு சீட்டில் அவள் அம்மா உட்காரும் ஜன்னலோர இடத்தில், யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். எதிரே இருந்த பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மக் இருந்தது. புதுத் துண்டு இருந்தது. அது புதுசு என்று கவனித்தாள்.

ஜெபம் யார் பண்ணுவது என்று தெரியாமல் எல்லோரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். டயர், பிரேக், எதிரே வரும் லாரி. லாரி டிரைவரின் தூக்கம் வந்தபோது அவள் அப்பாவின் தோள் குலுங்கியது. நான் முதல் தடவையாக என்ஜினை அணைத்தேன்.

வண்டலூர் போனது, செங்கல்பட்டு போனது. ஓரிடத்தில் நின்றோம், ஐந்து மதிப்பெண் இடம். அச்சிறுபாக்கம் தாண்டியதும் நானாகவே வேகத்தைக் குறைத்தேன். வெட்டவெளியில் ஒரு பெட்ரோல் பங்க். பக்கத்தில் ஒரு வேப்பமரம், அதற்கடியில் ஒரு டீக்கடை. பதினோரு வருடம் இந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி நேரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இறங்கியதே இல்லை, அதனால்தான் மேப்பில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை.

இன்று இறங்கினேன். என் மனைவி சின்னவளைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனாள். மச்சினர் டயரைப் பார்க்கிற சாக்கில் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் ஒரு டீ வாங்கினேன். வாயில் வைக்க முடியவில்லை. பாலும் இல்லை, டீயும் இல்லை, சர்க்கரைப் பாகு மாதிரி ஏதோ ஒன்று. வருடா வருடம் இந்த டீக்காகத்தான் என் தங்கை ஆசைப்படுகிறாள் என்று நான் நம்பியிருக்கிறேன்.

பெரியவள் வண்டியை விட்டு இறங்கி, மக்கை எடுத்துக்கொண்டு, என்னைக் கடந்து நான்கு அடி போனாள். நின்றாள். திரும்பி வந்தாள். தோளில் தொங்கிய கைப்பையைக் கழற்றி நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் பிடிங்க மாமா."

ஒரு கையில் டீ கிளாஸும் இன்னொரு கையில் பூப்போட்ட பையுமாக வேப்பமரத்தடியில் நின்றேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் அவசரப்படவில்லை.

திரும்பி வந்ததும் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டிக்குள் எட்டி மேப்பை எடுத்துப் பார்த்தாள். பையிலிருந்து அம்மாவின் சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள், பிறகு மூடினாள்.

"அம்மா போட்டது கரெக்ட்தான். ஒம்பது."

அந்தப் பத்தாவது மதிப்பெண் எதற்கு என்று கேட்டேன்.

"உள்ள பை மாட்டறதுக்கு ஆணி. எங்கயுமே இருக்காது" என்றாள். "அம்மா எப்பவும் என்கிட்டதான் குடுத்துட்டுப் போவாங்க."

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த வட்டத்துக்கு ஐம்பது நிமிடம் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மிச்ச டீயை மரத்தடியில் ஊற்றிவிட்டு நான் போய் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தேன்.